வைக்கோலை எரித்துவிட்டுக் கடதாசிக்கு டொலர் தேடுகிறோம்



பெரும்போக வெட்டு முடிந்ததும் சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளில் இரவு வானம் சிவந்து கிடக்கும். வெட்டு மெஷின் உதறிவிட்டுப் போகும் வைக்கோலுக்கு வைக்கிற தீ அது. என் சிறுவயதில் இதே வைக்கோல் லொறியேறி, கல்முனையைத் தாண்டி எழுபது கிலோமீற்றர் வடக்கே வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்குப் போனது. அந்தக் காசில்தான் எங்களுக்குப் பெருநாள் உடுப்பு எடுத்ததாக வாப்பா சொல்வார்.

ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது எடுத்த முயற்சியால், 1950களின் நடுவில் இயங்கத் தொடங்கிய கடதாசி ஆலை அது. கிழக்கின் வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் நம்பியே அதை அங்கே கட்டினார்கள். வைக்கோல் அவிக்கும் கோஸ்டிக் சோடா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் உற்பத்தியானது. யுத்தம் பரந்தனை அழித்தது. வாழைச்சேனை சிறிது சிறிதாகப் படுத்தது.

சென்ற மாதம் ஓட்டமாவடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் வழியில் ஆலையைப் பார்த்தேன். அத்தனை பெரிய வளவில் கண்ணில் பட்டது துருவும் பற்றையும்தான். ஆட்சி மாறும்போதெல்லாம் "ஆலை மீண்டும் இயங்கும்" என்று ஒரு செய்தி வரும். உள்ளே போய்ப் பார்த்தால் பழைய கடதாசியைக் கரைத்து ஓட்டுகிற கதைதான். வைக்கோலைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

2022 மார்ச்சில் கடதாசி வாங்க டொலர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டதை மறந்துவிட்டோமா?

வைக்கோலில் சிலிக்கா அதிகம், சோடாவை மீட்டெடுப்பது கடினம், கறுத்த கழிவுநீர் வாழைச்சேனை வாவிக்குப் போகும் என்று பொறியியலாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், வாவியை நம்பி வாழ்கிற மீனவரின் வயிற்றில் அடித்துக் கடதாசி செய்யச் சொல்லவில்லை. கழிவைச் சுத்திகரிக்கும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடட்டும். மூடிக்கிடந்த ஹிங்குராணை சீனித் தொழிற்சாலைக்கு ஒரு வழி கண்டவர்களுக்கு, இதற்கு மட்டும் ஏன் புத்தி எட்டவில்லை?

கைத்தொழில் அமைச்சு செய்ய வேண்டியது இதுதான்: ஆலை இன்று எதிலிருந்து, எத்தனை தொன் கடதாசி செய்கிறது என்பதைப் பகிரங்கமாகச் சொல்லட்டும். வைக்கோல் கொள்வனவு செய்யுமா, செய்யாதா, விலை என்ன என்பதை வட்டைவிதானைமார் மூலம் விவசாயிகளுக்கு அறிவிக்கட்டும். எங்கள் கண்டங்களில் அடுத்த வெட்டு மாசியில்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
சம்மாந்துறை.