பாட்டு பதில் கேட்பதில்லை

மியூனிக் ஹோஃப்கார்டன் பூங்காவின் நடுவே டயானா மண்டபம் இருக்கிறது. கோடை மாலைகளில் அங்கே கூடி சல்சா ஆடுவார்கள். ஆடுகிற பலர் ஸ்பானியப் பாட்டையும் கூடவே பாடுவார்கள். அவர்களில் ஒருவர் என்னோடு வேலை செய்கிற பவேரியாக்காரர். "வகுப்புக்கே போகவில்லை, பாடிப் பாடியே ஸ்பானிய மொழி பிடித்துவிட்டேன்" என்பது அவருடைய பெருமை. இதை எங்கள் ஒன்றுகூடல் ஒன்றில் நான் சொல்லப்போக, அது வினையாகிவிட்டது. "இதைத்தானே நாங்களும் சொல்லுகிறோம்! சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எதற்கு? பிள்ளை நூறு சினிமாப் பாட்டுப் பாடுகிறாள். தமிழ் தானாக வரும்" என்றார்கள்.

வராது. என் வீட்டில் வரவில்லை. நான் பார்த்த பல வீடுகளிலும் வரவில்லை.

பவேரியாக்காரரைத் துருவிக் கேட்டேன். பாட்டில் விளங்காத சொல் வந்தால் நிறுத்திவிடுவாராம். அகராதியைப் பார்ப்பாராம். அதிலும் தெளியாவிட்டால் அடுத்த கிழமை கூட ஆட வருகிற கொலம்பியப் பெண்ணிடம் கேட்பாராம். அவள் சிரித்துத் திருத்துவாளாம். ஆக, பாட்டு அவருக்குக் கேள்வியைக் கொடுத்தது. மொழியைக் கொடுத்தவள் அந்தக் கொலம்பியாக்காரி. பெருமை பேசும்போது அவளை மட்டும் விட்டுவிடுகிறார்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கொலம்பியாக்காரி யார்? பொங்கல் விழா மேடையில் ஜேர்மன் எழுத்தில் எழுதிய தாளைப் பார்த்து ஒரு பிள்ளை பாடுகிறாள். சுருதி பிசகவில்லை. நாங்கள் கைதட்டுகிறோம். "நீ இப்போது பாடினாயே, அதற்கு என்ன பொருள்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளை வெட்கப்படும் என்று பயப்படுகிறோம். உண்மையில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

மொழி தெரியாமலும் அழகாகப் பாடலாம் என்பதைத் தமிழ் சினிமாவே எங்களுக்குக் காட்டியிருக்கிறது. 1988இல் 'சத்யா' படத்தில் 'வளையோசை' பாடிய லதா மங்கேஷ்கருக்குத் தமிழ் பேச்சுமொழி அல்ல. 'அழகி' படப் பாட்டுக்காகத் தேசிய விருது பெற்ற சாதனா சர்கம் மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். அவர்களுடைய கலையில் நான் குறை காணவில்லை. பாட வருவதும் பேச வருவதும் வேறு வேறு திறமைகள் என்பதற்கு அவர்களே சாட்சி. மறுபக்கத்துச் சாட்சியும் உண்டு. 2017இல் உலகமெங்கும் ஒலித்த 'டெஸ்பஸீட்டோ' பாட்டின் மறுபதிவில் ஜஸ்டின் பீபர் ஸ்பானிய மொழியில் பாடினார். சில கிழமைகளிலேயே நியூயோர்க்கில் ஒரு விடுதியில் அதைப் பாடப்போய், வரி மறந்து, 'புரிட்டோ' என்று சாப்பாட்டுப் பெயரைப் போட்டு நிரப்பினார். பொருள் தெரியாத சொல்லுக்கு நினைவில் வேர் இல்லை.

பாட்டால் ஒரு பயனும் இல்லையா? இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அறுபது பேருக்கு ஹங்கேரிய மொழிச் சிறு தொடர்களைப் பதினைந்து நிமிடம் கற்பித்துப் பார்த்தார்கள். சிலர் பேசிப் படித்தார்கள், சிலர் தாளத்தோடு சொன்னார்கள், சிலர் பாடினார்கள். மொத்தத்தில் பாடியவர்களே முன்னே நின்றார்கள். 2014இல் வெளியான ஆய்வு அது. ஆனால் அவர்கள் பாடியவை பொருளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சின்னச் சின்னத் தொடர்கள். பொருளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஐந்து நிமிடக் குத்துப்பாட்டை ஒப்பிப்பதற்கு அந்த ஆய்வு பொறுப்பாகாது.

இன்னொன்றையும் மறக்கிறோம். ஸ்பானிய மொழி பாட்டுக்கு வளைந்து கொடுக்கும். அதில் உயிரொலிகள் ஐந்து. ஒன்றை இழுத்துப் பாடினாலும் சொல் மாறாது. தமிழில் குறிலை இழுத்தால் பல் பாலாகும், கல் காலாகும். இது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயமல்ல. ஜேர்மனில் 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு என்று பள்ளியில் படித்தவர்கள்தான். தமிழை மட்டும் மெட்டிலிருந்து எடுத்தால், எது சொல்லின் நீளம், எது மெட்டின் நீளம் என்று எப்படிப் பிரிப்பார்கள்? யாராவது அந்தச் சொல்லைச் சாதாரணமாகப் பேசிக் காட்டினால்தான் பிரியும்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, பாட்டு யாரோடு பேசுகிறது என்பது. காதல் பாட்டில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான்: காதலன், அல்லது காதலி. ஆகவே எங்கும் 'நீ', கூடவே ஒரு 'டா', ஒரு 'டி'. அங்கே அம்மம்மா இல்லை, மாமா இல்லை, வைத்தியர் இல்லை, சாமான் விற்கிறவர் இல்லை. என் மகள் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்குப் போன் எடுத்து, "அம்மம்மா, நீ என்ன பண்ற?" என்று கேட்டாள். சென்னையில் ஒரு பேத்தி பாட்டியை அப்படிக் கேட்டால் அது செல்லம். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கிற எங்கள் வீட்டில் அப்படிக் கேட்பதில்லை. அம்மா கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளை படத்தில வாற மாதிரிக் கதைக்குது" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். மகளுக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. அவளிடம் இருந்த ஒரே தமிழ் அதுதான்.

"தமிழ் வகுப்பில் மட்டும் என்ன வாழுகிறது?" என்று கேட்பீர்கள். நியாயம். பனைமரத்தின் பயன்கள் பற்றி எழுத்துத் தமிழில் ஒரு பக்கம் எழுதும் பிள்ளை, பக்கத்து வீட்டு மாமியிடம் தண்ணீர் கேட்கத் தெரியாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். வகுப்பிலும் ஒப்பிக்கிறாள், மேடையிலும் ஒப்பிக்கிறாள். இரண்டு இடத்திலும் யாரும் அவளோடு கதைக்கவில்லை.

கொயத்தே நிறுவனத்தின் தலைமையகம் இதே மியூனிக்கில்தான் இருக்கிறது. 2007ஆம் ஆண்டிலிருந்து ஜேர்மனியில் இருக்கும் கணவரோடோ மனைவியோடோ சேர்ந்துகொள்ள வருகிற எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் 'ஏ1' பரீட்சை பாஸ் பண்ணித்தான் வந்தார்கள். அதன் பேச்சுப் பகுதியில் கேட்பது மூன்றே விஷயம்: உன்னை அறிமுகப்படுத்து, ஒன்றைக் கேட்டு, கேட்டதற்குப் பதில் சொல், ஓர் உதவி கேள், கேட்டால் பதிலளி. ஜேர்மன் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால் விசா கிடைத்திருக்குமா? அந்நிய மொழிக்கு இவ்வளவு கறாராக நின்று படித்த நாங்கள், எங்கள் சொந்த மொழிக்கு மட்டும் கைதட்டலோடு திருப்திப்படுகிறோம்.

அந்த மூன்றையும் தமிழில் வைத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பிடித்த பாட்டை அவளே தெரிவு செய்யட்டும். இரண்டு வரிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பொருள் கேளுங்கள். 'நீ வா' என்று வந்தால், "இதை அம்மம்மாவுக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். 'வாங்கோ' என்று மாற்றத் தெரிந்த அன்று அவளுக்கு ஒரு சொல் சொந்தமாகிவிட்டது. பிறகு அதே சொல்லோடு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ ரொறொன்ரோவுக்கோ போனில் ஒரு கேள்வி கேட்கட்டும். மறுபக்கத்திலிருந்து வருகிற பதில் எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. அதை விளங்கி அவள் திரும்பக் கதைத்தால் அது தமிழ்.

என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. பாட்டு எத்தனை வருடம் கழித்தும் இருக்கும், எப்போதும் போட்டுக் கேட்கலாம். போனின் மறுபக்கம் அப்படிக் காத்திருக்காது.