தொலைந்தது சுத்தியல்... கிடைத்தது புதையல்!

1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற சிறிய கிராமம். அங்கே விவசாயி ஒருவர் வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித் தரச் சொல்லி நண்பர் எரிக் லாஸைக் கூப்பிட்டார். லாஸ் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். பணி ஓய்வுப் பரிசாக வந்த மெட்டல் டிடெக்டர் ஒன்று அவரிடம் இருந்தது.

வயலில் கொஞ்ச தூரம் நடந்ததுமே கருவி பலமாகச் சத்தம் போட்டது. தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்கச் சங்கிலி, கைநிறைய நாணயங்கள்! லாஸ் அதற்கு மேல் தோண்டவில்லை. நிலத்துக்கு உரிமையான நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் தகவல் சொல்லிவிட்டார். மறுநாளே தொல்லியல் நிபுணர்கள் வந்து பக்குவமாகத் தோண்டினார்கள். மொத்தம் 14,865 ரோமானிய நாணயங்கள். கூடவே சுமார் 200 தங்க, வெள்ளிப் பொருள்கள். பரிசுத்தொகை 17.5 லட்சம் பவுண்டு. தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இப்படி ஒரு கதை காதில் விழுந்த மறுநிமிடமே பலருடைய விரல்கள் போனில் 'மெட்டல் டிடெக்டர் விலை' என்று தேட ஆரம்பித்துவிடும். சில ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்து பல லட்சம் வரை வரிசை கட்டி நிற்கும் கருவிகளைப் பார்த்ததும் தலை சுற்றும். வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "எது ரொம்ப ஆழம் வரை காட்டும்?" என்பதுதான். கேட்க வேண்டியது அதுவல்ல. எந்த மண்ணில், எதைத் தேடப் போகிறார் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மெட்டல் டிடெக்டரின் அடியில் தட்டு மாதிரி இருப்பது காயில். அதற்குள் செம்புக் கம்பிச் சுற்று இருக்கும். மின்சாரம் பாயும்போது அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உருவாகி மண்ணுக்குள் இறங்கும். வழியில் உலோகம் ஏதாவது இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும். அந்த உலோகமும் தன் பங்குக்கு ஒரு சின்ன காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பிடித்துச் சத்தமாக மாற்றுகிறது.

1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க இதே அடிப்படையில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார் டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையில் இருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பியது ஒரு காரணம் என்பார்கள். இன்றைக்கும் அந்தப் பாடம் பொருந்தும். இரும்பு முனை வைத்த பூட்ஸ், காயிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் மண்வெட்டி, பாக்கெட்டில் இருக்கும் செல்போன் எல்லாம் பொய்ச் சத்தம் கொடுக்கும்.

நாணயத்துக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று

கருவிகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. முதலாவது வி.எல்.எஃப். வகை. இது விடாமல் அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும் அலை எவ்வளவு தாமதிக்கிறது என்பதை வைத்து, கீழே கிடப்பது இரும்பா, வெள்ளியா, செம்பா என்று ஓரளவு ஊகித்துச் சொல்லும். பழைய வயல், கடற்கரை, தோட்டம் போன்ற இடங்களில் நாணயம் தேடுபவருக்கு இதுதான் சரி. ஏனென்றால், அங்கே ஒரு நாணயத்துக்கு நூறு துருப்பிடித்த ஆணி கிடக்கும். ஆணியை ஒதுக்கத் தெரியாத கருவி என்றால் சாயங்காலத்துக்குள் முதுகு உடைந்துவிடும்.

இதிலும் அலைவரிசை முக்கியம். 5 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள கருவிகள் வெள்ளி, செம்பு நாணயங்களை நன்றாகப் பிடிக்கும். அரிசி மணி அளவுத் தங்கத் துணுக்குகளுக்கு அது போதாது. அவற்றுக்கு இன்னும் உயர்ந்த அலைவரிசை வேண்டும். தங்கத்துக்கென்றே வந்த 'கோல்ட் மான்ஸ்டர் 1000' 45 கிலோஹெர்ட்ஸிலும், 'கோல்ட் பக் 2' 71 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குவது அதனால்தான். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. நாணயம், தங்கம் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆசை உள்ளவருக்கு அவை நல்ல நடுவழி.

இரண்டாவது குடும்பம், பல்ஸ் இண்டக்‌ஷன். சுருக்கமாக பி.ஐ. இது பலமான துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டுச் சட்டென்று நிறுத்தி, உலோகத்தில் மின்னோட்டம் எப்படி அடங்குகிறது என்று காது கொடுத்துக் கேட்கும். ஆஸ்திரேலியாவின் தங்க வயல்களில் மண்ணே செக்கச்செவேல் என்று இரும்புச் சத்தோடு இருக்கும். அங்கே சாதாரண வி.எல்.எஃப். கருவி மண்ணைப் பார்த்தே அலறும். பி.ஐ. அந்த மண்ணை ஊடுருவி ஆழத்தில் உள்ள தங்கக் கட்டியைக் காட்டும். ஆனால், இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் அது மிகவும் பலவீனம். சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்ட வேண்டும். விலையும் பல ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர்.

ஒரே மாதிரி பேசும் தங்கமும் குப்பையும்

'தங்கத்தை மட்டும் காட்டும்' என்று ஒரு விளம்பரம் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். கருவியின் திரையில் தெரியும் எண், பொருளின் உலோகத்தை மட்டும் சொல்வதில்லை. அளவு, வடிவம், கலப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். சின்ன தங்க மோதிரமும், கூல்டிரிங்க்ஸ் டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும், சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்ணை அணைத்து வைப்பவர், மோதிரத்தின் மேலேயே நடந்து போய்விடுவார்.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாணயம், ஒரு தங்க மோதிரம், ஓர் ஆணி, ஓர் அலுமினிய வளையம். நான்கையும் தரையில் தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் காயிலை ஆட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஆணியும் நாணயமும் வேறு வேறு குரலில் பேசுகின்றனவா, காதுக்குப் புரிகிறதா என்று பார்த்தால் போதும். காற்றில் காட்டும் ஆழத்தை மட்டும் நம்பக் கூடாது. மண்ணுக்குள் அது குறையும்.

காயிலும் கையும்

பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும், ஆனால் சின்னத் துணுக்குகளைத் தவறவிடும். சின்ன காயில் ஆழம் குறைவு, ஆனால் குப்பை நிறைந்த இடத்தில் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் நாணயத்தையும் பிரித்துக் காட்டும். பழகுபவருக்குச் சுமார் 11 அங்குல காயில் பொதுவாகப் போதும். தேவைப்பட்டால் சின்ன காயிலைப் பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, மண்ணின் தன்மைக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்யும் 'கிரவுண்ட் பேலன்ஸ்' வசதி. தங்கம் தேடுபவருக்கு இது இல்லாத கருவி வீண். தண்ணீரில் இறங்க நினைப்பவர், காயிலுக்கு மட்டும் தண்ணீர்ப் பாதுகாப்பா, மேலே உள்ள பெட்டிக்கும் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் விடப் பலர் மறந்துபோவது எடை. கடையில் இரண்டு நிமிடம் தூக்கும்போது தெரியாது. ஆறு மணி நேரம் ஒரே கையால் ஆட்டினால் தோள்பட்டை சொல்லும்.

மொத்தப் பணத்தையும் கருவியிலேயே போட்டுவிடவும் கூடாது. குழிக்குள் துல்லியமாக இடம் காட்டும் கையடக்க 'பின்பாயின்டர்', மெல்லிய சத்தத்தையும் கேட்க ஹெட்போன், உறுதியான சின்ன மண்வெட்டி, இந்த மூன்றுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். பிரபல மாடல்களுக்குப் போலிகளும் உலவுகின்றன. பாதி விலை என்றால் சந்தேகப்படுவது நல்லது. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா, சீரியல் எண் உண்மையானதா என்று தயாரிப்பு நிறுவனத்திடமே விசாரித்துவிடலாம்.

விலை அல்ல, இடம்

1980-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிங்கோவர் என்ற ஊருக்குப் பக்கத்தில் மெட்டல் டிடெக்டரால் கண்டெடுக்கப்பட்ட 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' தங்கக் கட்டியின் எடை 27 கிலோவுக்கு மேல். கிடந்தது சுமார் 30 செ.மீ. ஆழத்தில்தான். அதே மாநிலத்தில் 2023-ல் செய்தியான இன்னொருவரின் பாறையில் 2.6 கிலோ தங்கம் இருந்தது. அவர் வைத்திருந்தது உச்ச விலைக் கருவி அல்ல. அப்போது சுமார் 1,200 டாலருக்குக் கிடைத்த பல அலைவரிசைக் கருவி. 2009-ல் இங்கிலாந்தில் 32.85 லட்சம் பவுண்டு மதிப்புள்ள ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலைக் கண்டுபிடித்தவர், தன் பழைய கருவியை வெறும் இரண்டரை பவுண்டுக்கு வாங்கியவர் என்று அப்போது செய்திகள் வந்தன.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது, தேடிய இடம் சரியாக இருந்ததுதான். தங்கம் ஏற்கெனவே கிடைத்த ஓடைக்கரை, பழைய சுரங்க மேடு, பழைய சந்தை கூடிய வயல் என்று வரைபடத்தோடு ஒரு வாரம் உட்காருவது, கூடுதலாக ஓர் ஆயிரம் டாலர் செலவழிப்பதைவிட லாபம். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. இந்தக் கதைகள் செய்தியானதே அவை அபூர்வம் என்பதால்தான். பெரும்பாலானோர் வீட்டுக்குக் கொண்டுவருவது ஆணியும் மூடியும் எப்போதாவது ஒரு நாணயமும்தான். கடன் வாங்கிக் கருவி வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தூரத்திலிருந்தே காட்டுமாம்!

ஒரு கைப்பிடி, அதில் ஆடும் ஆண்டெனா. 'ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தங்கம் இருக்கும் திசையைக் காட்டும்' என்று விற்பார்கள். காந்தப்புலம் தூரம் கூடக் கூட மிக வேகமாகக் குறைந்துவிடும். ஒற்றை நாணயத்தை நல்ல கருவிகளே சாதாரணமாக ஒரு சாண் ஆழம் வரைதான் பிடிக்கின்றன. கிலோமீட்டர் கணக்கெல்லாம் கட்டுக்கதை.

இந்தக் கட்டுக்கதை உயிரையும் வாங்கியிருக்கிறது. ஏ.டி.இ. 651 என்ற ஆண்டெனாக் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி ஈராக்குக்கு விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வியாபாரி. வேடிக்கைப் பொருளாக விற்ற கோல்ஃப் பந்து தேடும் கருவிதான் அதன் மூலம். உள்ளே வேலை செய்யும் எதுவுமே இல்லை. சோதனைச் சாவடிகளில் காவலர்கள் அதை நம்பி நின்றார்கள். 2013-ல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. புதையல் காட்டும் ஆண்டெனா விற்பவரும் அதே வித்தையைத்தான் காட்டுகிறார்.

கிடைத்துவிட்டால்?

விக்டோரியாவில் தங்கம் தேட 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதி வேண்டும். 10 ஆண்டுகள் செல்லும். தனியார் நிலம் என்றால் உரிமையாளர் சம்மதமும் வேண்டும். தேசியப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் தேடக் கூடாது. தோண்டிய குழியை மூட வேண்டும். இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதியோடு தேடலாம். ஆனால், புதையல் என்று கருதத்தக்கது எது கிடைத்தாலும் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

2015-ல் ஹெரஃபோர்ட்ஷயரில் இரண்டு பேர் வைகிங் காலப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். சொல்லாமல் மறைத்து விற்றார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்று கருதப்படும் அந்தப் புதையலில் வழக்கின்போது மீண்டவை 31 நாணயங்களும் சில நகைகளும்தான். 2019-ல் இருவருக்கும் நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. பின்னர் மேல்முறையீட்டில் காலம் குறைந்தாலும் சிறை தவறவில்லை. முறைப்படி சொல்லியிருந்தால் சட்டப்படியே பெரும் தொகை கைக்கு வந்திருக்கும்.

இந்தியாவில் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதும் குற்றம்.

கருவி வாங்கும் முன் நான்கு வரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். எந்த மண், எந்தப் பொருள், யாருடைய அனுமதி, எவ்வளவு பணம் போனால் மனம் தாங்கும். நான்குக்கும் பதில் எழுத முடிந்தவர் கடைக்குப் போகலாம். எரிக் லாஸிடம் இருந்தது சாதாரணக் கருவிதான். கையில் தங்கம் மின்னும்போது தோண்டுவதை நிறுத்திவிட்டு உரியவரிடம் சொல்லும் மனசு அவரிடம் இருந்தது. அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.