சபைக்குப் பயிற்சி, மக்களுக்கு என்ன?

உள்ளூராட்சி மன்றங்களின் 'இயலளவு விருத்தி' என்ற சொல் எமது மாகாணத்துக்குப் புதிதல்ல. உலக வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் நிதியளித்து 2019இல் தொடங்கிய உள்ளூர் அபிவிருத்தித் திட்டம் வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்களுடன் ஊவாவையும் உள்ளடக்கியது. பல நாடுகளில் நகரங்களையும் சபைகளையும் சீர்செய்வதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்கள் இத்தகைய திட்டங்களுடன் வருகிறார்கள். திட்டமிடவும் கணக்கு வைக்கவும் சபைகளுக்குக் கற்பிக்கிறார்கள். நல்ல காரியமே. ஆனால் அச்சபைகளின் கண்ணில் எமது லயங்கள் படுகின்றனவா?

நீண்டகாலம் படவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதி தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்லத் தடையாக இருந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்கள், வென்றபின் பாதை கேட்டால் சட்டத்தைக் காட்டினார்கள். 2018இல்தான் பாராளுமன்றம் அப்பிரிவைத் திருத்தியது.

இடையில் நாம் கொடுத்த விலை பெரிது. கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிவு அபாயம் உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களை அகற்றிக் குடியமர்த்துவது யார் பொறுப்பு என்பது தீருமுன், 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. தப்பியவர்களுக்கு பூனாகலை, மாகல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். வீடு கிடைத்தால் போதுமா? பாதை, வடிகால், தண்ணீர், குப்பை, மயானம் ஆகியவை தினமும் வேண்டியவை. இவை சபையின் கடமைகள்.

எனவே பயிற்சி உறுப்பினர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் மட்டும் போதாது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் வேண்டும். 2025 மே 6 தேர்தலின் பின் புதிய சபைகள் அமைந்துள்ளன. நாம் செய்யக்கூடியவை உண்டு. வருட இறுதியில் வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன் எமது தேவைகளை எழுத்தில் கொடுப்போம். பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் முத்திரை வாங்குவோம். பதில் இல்லையேல், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே கேட்போம். தகவல் தருவார்களா, மாட்டார்களா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும்.

நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண் நீதி கிடைக்கும்வரை நடுவரின் வாசலுக்கு மீண்டும் மீண்டும் போனாள். அவளிடம் பணமோ செல்வாக்கோ இருக்கவில்லை. கேட்பதை நிறுத்தாத மனம் மட்டுமே இருந்தது. அடுத்த முறை சபை வாசலுக்குத் தனியாகப் போகாமல், லயத்துக்கு ஒருவராகச் சேர்ந்து போவோம்.