கூரையில் ஏறுகிறவருக்கு யார் பொறுப்பு?



வைகாசி பிறந்தால் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிடும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் லயக் கூரைமேல் யாராவது ஒருவர் நிற்பார். ஒருவர் தகரத்துக்கு ஆணி அடிப்பார், இன்னொருவர் காற்றுக்குத் தூக்காமல் கல்லும் பழைய டயரும் ஏற்றுவார். இதை நாம் வழக்கமாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

போன மழைக்காலத்தில் எங்கள் டிவிசனில் ஒரு தொழிலாளி அப்படித்தான் ஏறினார். இரவுக் காற்றில் தகரம் கிளம்பிவிட்டது, உள்ளே கைக்குழந்தை. விடிந்ததும் ஈரம் காயுமுன் ஏறினார். துருப்பிடித்த தகரம் உடைந்து நேரே அடுப்படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து நான்கு மாதம் செக்ரோலில் பேர் இல்லை. நிர்வாகத்திடம் போனபோது, “வேலை நேரத்தில் நடந்ததல்லவே” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கே நட்டஈடு தருகிறது. நம் வீட்டுக் கூரையை நாமே ஏறித் திருத்தி விழுந்தால், அதை வேலை விபத்தாகக் காட்டுவது கடினம்.

ஆனால் அந்த லயம் நம்முடையதா? ஒரு சுவரைத் தள்ளிக் கட்டவும் நிர்வாகத்தின் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. கட்டும்போது தோட்டத்தின் சொத்து, ஒழுகும்போது மட்டும் தொழிலாளியின் வீடு என்பது என்ன நியாயம்?

“எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் மழை காத்திருக்குமா?” என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆகவே உரிமையைக் கேட்கும்போதே உயிரையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏறுமுன் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். விறகடுப்புப் புகையால் தகரம் அடிப்பக்கத்தில்தான் முதலில் அரிக்கும். மேலே பார்த்தால் நல்லதாகவே தெரியும். வெளிச்சம் தெரியும் இடத்திலும் துரு உதிரும் இடத்திலும் கால் வைக்காதீர்கள். ஈரம், பாசி, காற்று இருந்தால் ஏறவே வேண்டாம். ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் தள்ளிச் சாய்த்து, கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வரும் கரண்ட் வயர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.

தகரத்தின் மேல் ஆணி வரிசையைப் பார்த்து நடக்க வேண்டும். ஆணிக்குக் கீழேதான் குறுக்குச் சட்டம் ஓடுகிறது. இரண்டு வரிசைக்கு நடுவே மிதித்தால் தகரம் நெளியும். நெளிந்த இடத்தில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். சட்டமே உளுத்திருந்தால் ஆணி வரிசையும் தாங்காது. நீளப் பலகை ஒன்றைப் பல சட்டங்களுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் போவதே நல்லது. அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் ஆணி வரிசையையும் நம்பக் கூடாது. அது நெளியாமல் சட்டென்று உடையும். புதிதாக ஆணி அடித்தால் தகரத்தின் மேட்டில் அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அந்த வழியாகவே இறங்கும்.

பாரம் குறைவு என்று பள்ளிக்கூடப் பிள்ளையை ஏற்றிவிடும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு லயத்துக்கு ஒரே கூரை என்பதையும் மறக்காதீர்கள். நாம் மிதித்து நெளித்த தகரம் பக்கத்துக் காம்பராவில் ஒழுகும். அதனால் வரும் சண்டையில் லாபம் நமக்கு இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் கருத்து ஒன்றுதான். இது ஞாயிற்றுக்கிழமை ஓசி வேலையாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு டிவிசனுக்கும் நல்ல ஏணி, பலகை, கயிறு வேண்டும். கூரை வேலை தெரிந்தவரை நிர்வாகமே அனுப்பி, அந்த நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். அப்போது அது தோட்ட வேலை. விபத்து நேர்ந்தால் பொறுப்பும் தோட்டத்துடையது.

பங்குனி மாதத்துக்குள் தோட்டக் கமிட்டி கூடி, எந்தக் காம்பராவில் எத்தனை தகரம் போயிருக்கிறது என்று பட்டியல் எடுக்கட்டும். அதை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கையொப்பமிட்ட பிரதி நம் கையில் இருந்தால், நாளை தொழில் திணைக்களத்தில் பேசவும் நமக்கு ஆதாரம் இருக்கும்.