குடியை மறக்க கஞ்சாச் செடியில் மருந்தா?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பள உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். எண்பது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கவலை தீரவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இப்போது கஞ்சாச் செடியிலுள்ள ஒரு பொருள் குடிநோய்க்கு மருந்தாகுமா என்று விஞ்ஞானிகள் சோதிக்கிறார்கள். அதன் பெயர் கன்னாபிடியோல், சுருக்கமாக சி.பி.டி. போதை தருவது அதுவல்ல. அதே செடியிலுள்ள டி.எச்.சி. என்ற வேறொரு பொருள். சிறுவயதில் தொடங்கும் இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்கு சி.பி.டி. மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. குடிநோய் உள்ள 28 பேரில் ஒரு பிரிவினருக்கு 800 மில்லிகிராம் சி.பி.டி.யும் மறு பிரிவினருக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. பிறகு மதுப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். சி.பி.டி. எடுத்தவர்களின் மூளையில் ஆசையோடு தொடர்புடைய பகுதி குறைவாகவே கிளர்ந்தது; குடிக்கும் வேட்கையும் குறைந்திருந்தது.

நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால், மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. பங்கேற்றவர்கள் 28 பேர். கொடுத்தது ஒரே ஒரு வேளை மருந்து. வேட்கை தணிவது வேறு, மாதக்கணக்கில் குடிக்காமல் இருப்பது வேறு. அதிக அளவு சி.பி.டி. கல்லீரலைப் பாதிக்கக்கூடும், குடிப்பவரின் கல்லீரலோ ஏற்கெனவே நலிந்திருக்கும். பெரிய, நீண்ட ஆய்வுகள்தாம் விடை சொல்லும்.

நம் நாட்டில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே கடத்தலாகக் கருதப்படும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டாலும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இன்னும் உண்டு. கஞ்சா சார்ந்த மருந்தை முறைப்படி பதிந்து இறக்குமதி செய்யலாம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் 2021 நவம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். ஆக, வழி மருந்துப் பதிவு. இணையத்தில் விற்கும் எண்ணெய்ப் புட்டி அல்ல.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அப்பாவின் குடியால் தவிக்கும் மாணவருக்கு இந்தச் செய்தி ஆசை காட்டலாம். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதுவும் ஆபத்து. குடிநோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளும் ஆலோசனையும் ஏற்கெனவே உள்ளன. அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதே இன்று நம் கையில் உள்ள மருந்து.