க்ளாசரி என்ன வேதமா?

ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த புலம்பல் இது. படித்துக்கொண்டே இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொஞ்சம் காசு பார்க்கிறேன் என்பது வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். "வீட்ல உக்காந்துட்டே சம்பாதிக்கிற, உனக்கென்னப்பா" என்கிறீர்கள். சரி, அந்த லட்சணத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

காலையில் ஏஜென்சியிலிருந்து மெயில் வரும். ஒரு ஃபைல், கூடவே ஒரு எக்செல். ஃபைல், மருந்து ஆராய்ச்சியில் சேருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவம் என்று வையுங்கள். எக்செல்தான் கிளையண்ட்டின் க்ளாசரி. இடது பக்கம் இங்கிலீஷ் சொல், வலது பக்கம் அதற்குத் தமிழ். "இதை அப்படியே பின்பற்றவும்" என்று ஒரு உத்தரவு. ஒரு நாளைக்கு 2000 சொல் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதிலும் பழைய வாக்கியங்களோடு ஒத்துப்போகிற வாக்கியத்துக்கு, எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறதோ அதற்கேற்பக் காசைக் குறைப்பார்கள். க்ளாசரியைப் புரட்டும் நேரத்துக்கோ காசே கிடையாது.

இப்படி வந்த ஒரு க்ளாசரியில் 'பாசிட்டிவ்' என்றால் 'நேர்மறை' என்று இருந்தது. படிவத்தில் ரத்தப் பரிசோதனை பற்றிய இடம். "உங்கள் முடிவு நேர்மறையாக இருந்தால்..." என்று தட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த அத்தையிடம் அந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினேன். "நேர்மறைன்னா நல்லதுதானே?" என்றார்.

போச்சு! கிருமி இருக்கிறது என்று சொல்ல வேண்டிய வரி, கவலைப்படாதே என்கிறது. ப்ராஜெக்ட் மேனேஜருக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில்: "கிளையண்ட் அப்ரூவ் செய்த சொல். மாற்ற வேண்டாம்."

ஒரு சொல்லுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பீர்கள். 1980-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயது இளைஞரை நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் ஸ்பானிஷில் 'இன்டாக்ஸிகாடோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற அர்த்தத்தில். அங்கே அது 'இன்டாக்ஸிகேட்டட்' ஆகிவிட்டது. போதை மருந்தை அதிகமாக எடுத்துக்கொண்டார் என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கை கால் விளங்காமலே போனது. நஷ்டஈடு சுமார் 71 மில்லியன் டாலர். எழுத்தில் வந்த சொல்லும் சளைத்ததில்லை. பெர்லினில் ஒரு ஆஸ்பத்திரியில் 2006-07ல் 47 பேருக்கு, சிமென்ட் வைத்துப் பொருத்த வேண்டிய செயற்கை முழங்கால் மூட்டை சிமென்ட் இல்லாமல் பொருத்தினார்கள். பெட்டியின் மேலிருந்த இங்கிலீஷ் வாசகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதால்!

அப்படியானால் க்ளாசரியே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஒரு பெரிய கையேட்டை ஐந்து பேர் பிரித்துச் செய்யும்போது ஒருவர் 'விசை', இன்னொருவர் 'பொத்தான்' என்று போட்டால் படிக்கிறவர் கதி என்ன? அதனால்தான், பிடிக்காத சொல்லைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும் வீரர்களையும் நான் பாராட்ட மாட்டேன். மற்ற நாலு ஃபைலில் பழைய சொல்லே இருக்கும். குழப்பம் இரண்டு மடங்கு.

என் கோபம் இரண்டு பேர் மேல். ஒன்று, "கேள்வி கேட்காதே" என்கிற ஏஜென்சி. எக்செல் கட்டத்துக்கு வாக்கியம் தெரியாது சார்! 'ட்ரையல்' கோர்ட்டில் விசாரணை, மருந்து ஆராய்ச்சியில் சோதனை. பட்டியல் போட்டவர் எதை நினைத்துப் போட்டாரோ! அதைச் சரிபார்க்க ஒரு மென்பொருள் வேறு. 'படிவம்' என்று பட்டியலில் இருந்து, நான் 'படிவத்தில்' என்று எழுதினால் சொல்லைக் காணோம் என்று சிவப்புக் கொடி காட்டும். தமிழில் 'ம்' போய் 'த்து' வரும் என்று அதற்கு யார் சொல்வது? ஒவ்வொரு கொடிக்கும் விளக்கம் எழுதி மாளாமல், 'படிவம் என்பதில்' என்று வளைத்து எழுதித் தப்பிப்பவர்கள் உண்டு. மொழிபெயர்ப்புத் தமிழ் ஏன் மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்று கேட்டீர்களே, இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, "கொடுத்தாங்க, போட்டேன்" என்று கை கழுவுகிற நம் ஆட்கள். வேலையைத் தொடங்கும் முன் க்ளாசரியைப் படியுங்கள். இடிக்கிற சொல், அது வரும் வாக்கியம், படிப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார், பதிலுக்கு என்ன போடலாம் என்று நாலு பத்தி போட்டு அன்றைக்கே அனுப்புங்கள். பதில் வரும்வரை அவர்கள் சொல்லையே போடுங்கள். வராவிட்டால், ஃபைலை ஒப்படைக்கும்போது மறுபடி எழுத்தில் சொல்லுங்கள். அரை மணி நேரம் போகும், காசு வராது. தெரியும்.

நானும் அப்படித்தான் அனுப்பினேன், அத்தை கேட்ட கேள்வியையும் சேர்த்து. இரண்டு நாள் கழித்து 'கிருமித்தொற்று இருப்பது தெரியவந்தால்' என்று மாற்றச் சம்மதித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த வேலை வந்தது. அதே எக்செல், அதே 'நேர்மறை' :-(

மறுபடி எழுதியிருக்கிறேன். இன்னொரு தடவை வந்தாலும் எழுதுவேன். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போவது ப்ராஜெக்ட் மேனேஜர் இல்லையே, என் அத்தை மாதிரி யாரோ ஒருவர்தானே?