மிஞ்சிய குளிசையும் வீட்டு நாயும்

மாட்டை அவிழ்த்து விட்டு, நெல்லை அப்படியே போட்டுவிட்டு நாம் புறப்பட்ட வேளையிலும் நாய் எம் பின்னால் நடந்தே வந்தது. கொட்டிலில் பிள்ளைகளின் பாயோரம் படுத்ததும் அதுதான். ஆகவே நாயைப் பற்றிக் குறை எழுதுவது எமக்கு விருப்பமான வேலை அல்ல. எனினும் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை.

மனிதரின் குடலிலும் நாயின் குடலிலும் ஈ.கோலி போன்ற பற்றீரியாக்கள் எப்போதும் உண்டு. பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. அன்டிபயோட்டிக் குளிசை கொடுத்தால் வலுவற்றவை செத்துப்போக, மருந்துக்குத் தாக்குப்பிடிப்பவை மிஞ்சிப் பெருகும். ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்த வயலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் வயலில் ஒரு புல் பக்கத்துக் கோரைக்குத் தன் பலத்தைக் கொடுப்பதில்லை. பற்றீரியாவோ வேறினப் பற்றீரியாவுக்கும் அதைக் கைமாற்றிவிடும். இவற்றைச் சுமக்கும் நாய் நோயின்றித் துள்ளித் திரியவும் கூடும்.

அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை, கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளிடமிருந்து கம்பைலோபக்டர் என்னும் பற்றீரியா நூற்றுக்கு மேற்பட்டோருக்குத் தொற்றி வயிற்றோட்டத்தை உண்டாக்கியது. வழக்கமான மருந்துகள் பல அதனிடம் பலிக்கவில்லை. விசாரித்த 149 குட்டிகளில் 142 குட்டிகளுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு நோயே இருக்கவில்லை. வருமுன் காப்பென்று கொடுத்ததாம்!

பிழை நாயில் இல்லை. பிள்ளைக்கு எழுதித் தந்த குளிசையில் மிஞ்சியதைச் சோற்றில் குழைத்து நாயின் புண்ணுக்குக் கொடுப்பதை நாமும் செய்திருக்கிறோம். பிள்ளைக்கும் அரைகுறை, நாய்க்கும் அரைகுறை. சில வீடுகளில் நாயிடமும் வீட்டாரிடமும் ஒரே வகைப் பற்றீரியாவைக் கண்டிருக்கிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்று சொல்வது கடினம். நாம்தான் நாய்க்குக் கொடுத்தோமோ என்னவோ.

அதற்காக நாயைத் துரத்த வேண்டாம். பன்றி வரும் தோட்டத்துக்கு அதைவிட்டால் யார் காவல்? கோழிக்குடலைப் பச்சையாகப் போடாமல் அவித்துப் போடுங்கள். தவழும் பிள்ளை விளையாடும் முற்றத்திலும் கிணற்றடியிலும் நாயின் மலம் கிடந்தால் அள்ளிப் புதையுங்கள். சோறு ஊட்டுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர்களிடம் இதைச் சொல்வது எவ்வளவு இலகு என்பது எமக்கும் தெரியும்.

மிருக வைத்தியரைக் காணப் பஸ் ஏற வேண்டியிருக்க, குளிசை மட்டும் சந்திக் கடையில் கிடைத்தால் ஏழை எதைச் செய்வான்? இதில் குடும்பங்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. விசர்நாய்த் தடுப்பூசி போட வருபவர்களிடம் நாயின் புண்ணையும் காட்டிக் கேளுங்கள். எவரும் வராத இடமாயின், அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஊரில் எத்தனை மாடு, எத்தனை ஆடு என்று எழுதும்போது நாய்களின் தொகையையும் சேர்த்து எழுதுங்கள்.